அம்முவுக்கு நான் விஷம் வைக்கவில்லை

போட்டோ எடுத்தாயிற்றா? எடுத்தாயிற்று என்றால் இப்படி நிழலுக்கு வாருங்கள். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கிறது. அந்தக் குட்டியானைச் சிலை எங்கேயும் ஓடிவிடாது. சிமெண்ட்.

கீழே கல்லில் வெட்டியிருப்பதைப் படித்தீர்களா? "விஷம் வைத்துக் கொல்லப்பட்ட எங்கள் அம்முக்குட்டிக்கு." அந்த விஷம் வைத்தவன் நான்தான். சென்னியப்பன். கால்நடை மருந்தகத்தில் முப்பத்தோரு வருஷம் கம்பவுண்டர். அதாவது, நான் வைக்கவில்லை. வைக்கவில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. கல்தான் இன்னும் வைத்தேன் என்கிறது.

தள்ளி உட்காராதீர்கள். எல்லோரும் அதையேதான் செய்கிறார்கள்.

காமிரா தொங்குகிறதே, பத்திரிகையா? என்னவோ, எழுதுகிற ஆள்தானே. அப்படியானால் கேளுங்கள். அந்தக் கல்லிலிருந்து ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லி நாலு வருஷமாக அலைகிறேன். விஷம் என்கிற அந்த ஒரு வார்த்தை. அது போனால் போதும். அதோடு நான் சாக முடியாது. என் பேரனைப் பள்ளிக்கூடத்தில் என்னவென்று கூப்பிடுகிறார்கள் தெரியுமா? விஷக்கட்டி. அவன் பெயர் கௌதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

அது வந்தது ஒரு பங்குனி. தாய் எங்கே போனதென்று தெரியாது. விடிகாலையில் வாழைத்தோட்டத்தில் தனியாக நின்றது. என் இடுப்பு உயரம். முதுகெல்லாம் செம்பட்டை மயிர். வலது காது நுனி மடிந்திருக்கும். தும்பிக்கையை என்ன செய்வதென்றே அதற்குத் தெரியாது, தானே மிதித்துக்கொண்டு தானே அலறும். ஒரு பிள்ளை வாயில் விரல் போடுமே, அந்த மாதிரி நுனியை வாயில் போட்டுக்கொண்டு தூங்கும்.

இருங்கள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். இது ஒன்றைச் சொன்னால் மட்டும் எனக்கு இப்படி ஆகிவிடும். என் அப்பன் செத்ததற்குக்கூட நான் அழுதவன் இல்லை.

காட்டிலாகா ரேஞ்சர் இரண்டு தடவை கொண்டுபோய் யானைக் கூட்டத்தோடு விட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்ப ஊருக்கே வந்தது. ஏன் வராது? ஊரில் பால் இருக்கிறது. யானை முகாமுக்குக் கொண்டுபோக மேலே எழுதிப் போட்டிருந்தார், பதில் வரவில்லை. அதுவரைக்கும் மாரியம்மன் கோயில் மைதானத்தில் கட்டியிருந்தது.

எங்கள் மாரியம்மன் நோம்பிக்கு மண்டகப்படி உண்டு. ஒரு நாள் மேலத் தெரு, ஒரு நாள் வாழைமண்டிக்காரர்கள், ஒரு நாள் ஆட்டோ ஸ்டாண்டு என்று ஆளுக்கொரு நாள் பூஜை. அதே மாதிரி அம்முவுக்கும் பால் ஊட்ட முறை வைத்தார்கள். பலகையில் எழுதிப் போட்டார்கள். முறைக்காரர்கள் மேளத்தோடு சொம்பு தூக்கிக்கொண்டு வருவார்கள். மேலத் தெரு ஆறு லிட்டர் ஊற்றியது என்றால் மண்டிக்காரர்கள் எட்டு லிட்டர். விடுவார்களா? டிவிக்காரன் வேறு வந்துவிட்டான். பெயர் வைக்கப் போட்டி நடத்தி, ஊர் உலகமெல்லாம் போன் போட்டு, அம்மு என்று வைத்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் கம்பளிப் போர்வை அனுப்பியிருந்தாள். பங்குனி வெயிலில் கம்பளி. அதையும் போர்த்தினோம்.

மாட்டுப்பால் யானைக்குட்டிக்கு ஆகாது. வயிறு தாங்காது. ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் மாட்டுக்குப் பின்னால் நின்றவனுக்கு இது தெரியாதா? ஆனால் எங்கள் தெரு முறை ஐந்தாம் நாள். என் சம்சாரம் புதுச் சொம்பு எடுத்து, மஞ்சள் பூசி வைத்திருந்தாள். முறை வருமுன்னே நான் போய் நிறுத்துங்கள் என்றால் தெருவே என் மூஞ்சியில் துப்பும். எங்கள் முறை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். முடிந்தது. அதற்குள் கழிச்சல் கண்டுவிட்டது.

இரண்டு நாளில் குட்டி கீழே விழுந்துவிட்டது. கால் மூட்டெல்லாம் வீங்கி, வலியில் கத்துகிறது பாருங்கள், அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மைதானம் முழுக்க ஜனம். டாக்டர் லீவில் இருந்தார். ரேஞ்சர் என் தோளைப் பிடித்தார்.

"சென்னியப்பா, என்னத்தையாச்சும் பண்ணு. சனம் பாக்குது."

வலி ஊசி போட்டேன். மனுஷர்களுக்குப் போடுகிற ஊசி, மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது. எட்டு குப்பி உடைத்துப் போட்டேன். கால் மணி நேரத்தில் கத்தல் நின்றது. தும்பிக்கையால் என் கையைத் தடவியது. ஜனம் கை தட்டியது. டிவியில் என் மூஞ்சியைக் காட்டினார்கள். கருணைக் கரங்கள் என்று கீழே எழுத்து ஓடியது. ஒரு நாள், ஒரே நாள்தான், இந்த ஊரில் நான் சாமி.

மறுநாள் விடியும்போது அம்மு இல்லை.

ஊசியால் இல்லை! அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வயிறு போனதால் செத்தது. அறுத்துப் பார்த்த டாக்டரும் அப்படித்தான் எழுதினார். ஊர் அழுத அழுகை கொஞ்சமில்லை. ஒப்பாரி வைத்தார்கள். இங்கேயே பஸ் ஸ்டாண்டில் புதைக்க வேண்டும் என்று மறியல் செய்தார்கள். ரேஞ்சர் ஒப்புக்கொள்ளவில்லை. காட்டில் பிறந்தது காட்டுக்கே போகட்டும் என்று லாரியில் ஏற்றி, ஆற்றங்கரை மணலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். ஆமாம், நீங்கள் மாலை போட்டீர்களே, அந்தச் சிலைக்கு அடியில் ஒன்றுமில்லை. அந்தக் கம்பளியைத்தான் புதைத்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் என் கதை.

ஜெபசிங் என்று ஒருத்தர் இருந்தார். நாகர்கோவில் பக்கத்து ஆள். காலேஜில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு எங்கள் ஆற்றோரம் ஒரு ஓட்டு வீடு பிடித்து, ஒன்பது வருஷமாகக் கழுகு எண்ணிக்கொண்டிருந்தார். கழுகு என்றால் கொடியில் வரைகிற கழுகு இல்லை. பிணந்தின்னி. அவர் அதைப் பாறு என்பார். பாறு என்றால் இங்கே யாருக்குத் தெரியும்? ஊரில் அவருக்கே பிணந்தின்னி வாத்தியார் என்றுதான் பெயர். எந்த மரத்தில் எந்த ஜோடி, எந்தக் கூட்டில் முட்டை, எல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். மாசம் ஒரு தடவை மருந்தகத்துக்கு வருவார்.

"கம்பவுண்டரே, மனுஷங்களுக்குப் போடற அந்த வலி ஊசிய மாட்டுக்குப் போடாதீங்க. மாடு செத்து, அத பாறு தின்னா ரெண்டு நாள்ல செத்துரும். அதனாலதான் அரசாங்கமே தடை போட்டிருக்கு."

"சரிங்க சார்" என்பேன். வேறே நல்ல மருந்து இருக்கிறது என்று ஒரு பெட்டிகூடக் கொண்டுவந்து கொடுத்தார். அது மெதுவாக வேலை செய்யும். மாட்டுக்காரன் பொறுப்பானா? போட்டவுடனே மாடு தலை தூக்க வேண்டும், அப்போதுதான் அவனுக்கு நான் கம்பவுண்டர். எங்கேயோ மரத்தில் உட்கார்ந்திருக்கிற மொட்டைத்தலைக்காக நான் கெட்ட பெயர் எடுக்க முடியுமா?

அம்முவைப் போட்ட மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வாத்தியார் ரேஞ்சர் ஆபீசுக்குள் வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். துண்டில் எதையோ சுற்றி, பச்சைப் பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். மேஜையில் வைத்துப் பிரித்தார். செத்த பிணந்தின்னி. ஒரே நாற்றம்.

"இருபத்திரெண்டு" என்றார். "ஆத்தங்கரையில கெடக்கு. இன்னும் நாலஞ்சு மரத்துல தலயத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கு."

ரேஞ்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "நல்ல துண்டக் கெடுத்துட்டீங்களே சார்."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன். வாத்தியார் என்னைப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரைக்கும்கூட நிற்கவில்லை. டிவிக்காரன் மோப்பம் பிடித்துவிட்டான். அம்முவைத் தின்ற கழுகுகள் செத்துக்கிடக்கின்றன. அப்படியானால் அம்முவின் உடம்பில் என்ன இருந்தது? விஷம்! யார் வைத்தது? கடைசியாக ஊசி போட்டவன் யார்? முடிந்தது. அத்தனை கழுகையும் காட்டினார்கள், வரிசையாக அடுக்கி வைத்து. எதற்கு? ஐயோ கழுகு போச்சே என்றா? அம்முவுக்கு விஷம் வைத்ததற்குச் சாட்சி என்று. பார்த்துவிட்டு ஒரு ஆள் ஐயோ என்றிருப்பானா? எல்லோரும் ஐயோ அம்மு என்றார்கள்.

என் வீட்டு ஓடுகளை நொறுக்கினார்கள். முன்னால் நின்றவள் மயிலாத்தாள். கீழத் தெருக்காரி, அவள் வீட்டு மாட்டுக்கு நான் எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன். இரண்டு கையிலும் மண்ணை வாரி என் வாசலில் தூற்றினாள். "கொழந்தையக் கொன்ன பாவி, உன் வம்சம் நாசமாப் போவ" என்றாள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிடித்துக்கொண்டு போனார்கள். சப்ஜெயிலில் பத்தொன்பது நாள். அங்கே என்னோடு ஒருத்தன் இருந்தான், கூடப் பிறந்த அண்ணனையே வெட்டிவிட்டு வந்தவன். தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து தள்ளிப் போனான்.

"வாயில்லாத சீவன், யானக் குட்டியப் போயிக் கொன்னியேடா. உன்ற பக்கத்துல உக்காந்து எப்பிடிச் சோறு திங்கறது?"

அண்ணனை வெட்டினவன் சொல்கிறான்.

ஜாமீனில் வந்த பிறகு, யாரும் என்னோடு பேசாத அந்த ஏழெட்டு மாசம், என்னோடு பேசின ஒரே ஆள் வாத்தியார்தான். தானாகத் தேடி வந்தார். செத்த பறவைகளின் ஈரலையும் சிறுநீரகத்தையும் ஐஸில் வைத்து வடக்கே எங்கேயோ பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறாராம். பதில் வந்தால் உங்களுக்கு நல்லது என்றார். எனக்கு நல்லதை இவர் ஏன் செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை. ஒரு நாள் இதே இடத்தில் உட்கார்ந்து கேட்டார்:

"ஏன் கம்பவுண்டரே, ஒரு குட்டிக்கு இத்தன ஊரு அழுதுது. இருபத்திரெண்டுக்கு ஒருத்தர் அழல. எண்ணிக்கையில பாத்தா யானைய விட இதுதானே கொறைவு?"

"எண்ணிக்கையப் பாத்து எவனுங்க சார் அழுவான்? கண்ணப் பாத்து அழுவான். அம்மு கண்ணுல தண்ணி வந்துதுங்க. உங்க பறவை கண்ணு, இவன் எப்படா சாவான்னு பாக்கற கண்ணு. அதுக்கு மயிரு இருக்குதா, மொகம் இருக்குதா? கொஞ்சறதுக்கு ஒரு பேராச்சும் இருக்குதா? பிணந்தின்னின்னு ஒருத்தனச் சொன்னா அடிக்க வருவான். பேரே வசவா இருக்கறதுக்கு எவன் சிலை வெப்பான்?"

"செத்ததைத் தின்னு ஊரச் சுத்தம் பண்றது அதுதானே?"

"குப்ப அள்றவனுக்கு யாராச்சும் சிலை வெச்சிருக்காங்களா சார்?"

நியாயம்தானே நான் சொன்னது? நீங்களே சொல்லுங்கள். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீர்களே, எதைப் படம் எடுக்க வந்தீர்கள்?

பரிசோதனைக் காகிதம் வந்தது. இதோ, பாருங்கள். பிளாஸ்டிக் போட்டு வைத்திருக்கிறேன். எப்போதும் பையில் இருக்கும். விஷம் எதுவும் காணப்படவில்லை. மூன்றாவது வரி. இருந்தது வலி மருந்து மட்டும்தான். இருபத்திரண்டும் செத்தது அதனால்தான். யானைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நான் போட்டது மருந்து, விஷம் இல்லை! இதைவிட என்ன வேண்டும்?

வாத்தியாரே கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார். எனக்காக. ஜட்ஜ் கேட்டார், இந்தப் பறவைகள் சம்பந்தமாகத் தனியாக ஏதாவது வழக்கு உண்டா? அரசு வக்கீல் கட்டைப் புரட்டிப் பார்த்தார். இல்லை ஐயா. அப்படியானால் விடுங்கள், குட்டியானையைப் பற்றி மட்டும் பேசுங்கள். அன்றைக்கே விடுதலை.

வெளியே வந்ததும் என் வக்கீல் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"சென்னியப்பன், வாய வெச்சுட்டு சும்மா இருங்க. அது மாட்டுக்குப் போடக்கூடாத மருந்து. இனி ஒரு தடவ போட்டீங்கன்னு தெரிஞ்சு, அந்த வாத்தியார் நெனச்சா, திரும்ப உள்ள போவீங்க. வேலையும் போகும். பழைய விஷக் கதையும் கெளம்பும்."

வாத்தியார் நினைக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இனிமே போட மாட்டேன்னு சொல்லுங்க, போதும்." சொன்னேன். சொல்வதற்கு என்ன?

விடுதலையாகி நாலாம் நாள், மயிலாத்தாள் ஆள் அனுப்பினாள். மண் தூற்றினாளே, அவளேதான். கன்று போட்ட மாடு எழுந்திருக்கவில்லையாம். புது டாக்டர் வெளியூர் போயிருக்கிறாராம். எட்டு மாசத்துக்கு அப்புறம் என்னை ஒரு வாசலுக்குள் கூப்பிடுகிறார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? போனேன். "வாங்கண்ணா" என்றாள். அண்ணா என்றாள், கேட்டீர்களா? மாடு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த நேரத்தில் மெதுவாக வேலை செய்கிற மருந்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கச் சொல்கிறீர்களா? ஐந்து குப்பி போட்டேன். மாடு தலையைத் தூக்கியது. காப்பி கொடுத்தாள்.

சாயங்காலம் மாடு செத்துவிட்டது. அது வேறே. அது பிரசவக் கோளாறு.

காலையில் நான் மயிலாத்தாள் வாசலுக்குப் போனால், அங்கே வாத்தியார் வந்து நிற்கிறார். கையில் கத்தி, கூடை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஆற்றோரம் நீர்மருது மரத்தில் ஒரு கூட்டில் ஒற்றைக் குஞ்சு இருந்ததாம். தாய் எங்கேயோ எதையோ தின்று செத்துப்போய்விட்டது, தகப்பனும் மூன்று நாளாக வரவில்லை. அந்தக் கரையில் அந்த வருஷத்துக்கு அது ஒன்றுதான் குஞ்சு. ஒன்பது வருஷத்து நோட்டில் கடைசியாக மிச்சம் இருந்தது அதுதான். சுத்தமான கறி இருந்தால் நானே ஏறி ஊட்டிவிடுவேன், இன்னும் ஒரு மாசம் தாங்கிவிட்டால் பறந்துவிடும் என்றார்.

"கம்பவுண்டரே, இந்த மாட்டுக்கு ஊசி ஏதும் போட்டீங்களா?"

மயிலாத்தாள் நிற்கிறாள். இன்னும் நாலைந்து பேர் நிற்கிறார்கள். தீர்ப்பு வந்து ஒரு வாரம் ஆகவில்லை. என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? போட்டேன் என்றா?

"இல்லீங்க சார். நான் வர்றதுக்கு முந்தியே செத்துப்போச்சு. தொடவே இல்ல."

மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். பிறகு மாட்டைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. ஒரு பிணந்தின்னிக் குஞ்சுக்காக யார் வாயைத் திறப்பார்கள்?

"நீங்க சொன்னாப் போதும்" என்றார் வாத்தியார். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். ஈரல் பக்கமாகப் பார்த்து அறுத்து எடுத்துக்கொண்டார். அதுதான் மிருதுவாக இருக்குமாம்.

மரியாதைக்கு நானும் கூடப் போனேன். அந்த வயசில் அந்த மரத்தில் கயிறு கட்டி ஏறினார், தெரியுமா? கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தது. கழுத்தில் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்காது. இவர் ஒவ்வொரு துண்டாக வாயில் வைத்தார். என்னமோ பேசினார் அதோடு. நன்றாகத் தின்றது, அதைச் சொல்ல வேண்டும். மேலே இருந்து என்னைப் பார்த்துக் கத்தினார், "தின்னுது! கம்பவுண்டரே, தின்னுது!" நானும் கையை ஆட்டினேன். மறுநாளும் ஏறி ஊட்டினார், அதே கறி, உப்புப் போடாமல் ஐஸில் வைத்திருந்து.

மூன்றாம் நாள் போனபோது அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அது. கழுத்து துவண்டு கிடந்தது. நான் என்ன பேசுவது? பக்கத்தில் நின்றேன். அவர்தான் கேட்டார்:

"பெரிய துண்டாக் குடுத்துட்டேனோ, கம்பவுண்டரே? தாய் கக்கிக் குடுக்கும். எனக்குப் பக்குவம் தெரியாமப் போச்சோ?"

"இருக்குமுங்க சார்" என்றேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். இப்போது சொன்னால் என்ன வந்துவிடும்? அதற்கு யார் கேஸ் போடப் போகிறார்கள்? ஜட்ஜே விடுங்கள் என்று சொன்ன சமாச்சாரம். மயிலாத்தாள் மாட்டுக்கு நான் போனதும் வந்ததும் ஊருக்கே தெரியும். ஒருத்தன் கேட்டானா? ஆனால் இந்தச் சிலைக்கு நேற்று ஒரு பயல் கல்லெறிந்தான் என்று அவனைக் கம்பத்தில் கட்டி வைத்தார்கள்.

எனக்கு ஒரு பயம் இருந்தது, மறைக்கவில்லை. அதையும் அறுத்து ஐஸில் வைத்து வடக்கே அனுப்பிவிட்டால்? அதனால் கேட்டுவிட்டேன்.

"இதையும் பரிசோதனைக்கு அனுப்புவீங்களா சார்?"

"எதுக்கு?" என்றார். "குடுத்தது என் கைதானே. எனக்குத் தெரியாதா?"

மண்ணைத் தோண்டி அவரே வைத்தார். மறுநாள் காலையில் இங்கேதான் பஸ் ஏறினார். நோட்டு, தூரக் கண்ணாடி, எல்லாவற்றையும் அந்த ஓட்டு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை.

நல்ல மனுஷர். ஆனால் எழுதும்போது ஒன்றைச் சரியாக எழுதுங்கள். "என் கைதானே" என்று அவர் வாயால் அவரே சொன்னது. நான் சொன்னதில்லை.